தோளில் நாலு விரல்

எங்கள் கடைக் கொம்பியூட்டர் அடிக்கடி மூச்சு முட்டி நின்றுவிடும். உள்ளே இடமில்லை என்று திரையில் எழுதிக் காட்டும். உடனே முதலாளி எழும்பி வந்து, "ஆர் இதுக்குள்ள குப்பையை நிரப்பி வைச்சிருக்கிறது?" என்று மேசை மேசையாகக் கேட்பார். மொத்தமே இரண்டு மேசை. ஒன்றில் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்பதால் உடனே என்னுடையதில் நாலைந்தை அழித்துவிடுவேன். மற்ற மேசையில் அந்த அக்கா. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "குப்பை இல்ல சேர், சரக்கு" என்பார். முதலாளி இன்னொரு டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடுவார்.

கடை வெள்ளவத்தையில் இருந்தது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், சீலைக்கடைக்கு மேல்மாடி. முதலில் அது வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் இடம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கனடாவிலோ லண்டனிலோ ஒரு பிள்ளையாவது இல்லாத வீட்டை வெள்ளவத்தையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சண்டையால் வாழ்ந்தவர்கள் என்று ஆயுத வியாபாரிகளைச் சொல்வார்கள். எங்கள் முதலாளியையும் ஓர் ஓரமாக அதில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஆட்கள் வீட்டிலிருந்தே கதைக்கத் தொடங்கியதும் மனிதர் வெப்சைட் செய்யும் தொழிலுக்கு மாறினார். நகைக்கடை, கல்யாண மண்டபம், ரியூசன் வகுப்பு, கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் வெப்சைட். பக்கங்களைக் கட்டுவது என் வேலை. படம், எழுத்து, பொத்தான், மின்னிக்கொண்டே இருக்கும் தோரணம் எல்லாம் அக்காவின் வேலை. புறக்கோட்டையில் வாங்கிய கள்ளக் கொப்பி போட்டோஷொப்பில் செய்வார்.

போட்டோஷொப் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் ஒரு படம் என்பது ஒரு படமல்ல. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த கட்டு. தாளுக்கு அங்கே லேயர் என்று பெயர். ஒன்றில் சுவர், ஒன்றில் ஆள், ஒன்றில் எழுத்து. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னக் கண் ஒன்று வரைந்திருக்கும். அந்தக் கண்ணில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணும் மறையும், அந்த லேயரில் இருப்பதும் மறையும். திரும்பத் தட்டினால் திரும்ப வரும். ஒரேயடியாக அழிப்பதென்றால் அதற்குக் கீழே ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கம் அக்காவின் மௌஸ் போனதை நான் கண்டதில்லை.

"அழிக்காத தங்கச்சி. கண்ண மூடு."

இதுதான் அவருடைய வேதம். நான் ஏதாவது பூவையோ பொத்தானையோ அழிக்கக் கை வைத்தால் அடுத்த மேசையிலிருந்து குரல் வரும். முதுகில் கண் இருக்கிறதோ என்று தோன்றும். காரணம் கேட்டால், "அழிச்சா திரும்ப யார் வரையிறது? நான் சோம்பேறி" என்பார். அவரைப் போல வேலை செய்த சோம்பேறியை நான் பார்த்ததில்லை.

இரசாயனம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர் வந்தார். வழுக்கை. வெப்சைட்டுக்குப் படம் கொடுத்துவிட்டு, முதலாளியின் காதுக்குள், "மண்டையில கொஞ்சம் ஏதும் செய்யேலுமோ?" என்று கேட்டார். அக்கா ஒரு கலண்டர் மொடலின் தலையிலிருந்து மயிரை எடுத்து மாஸ்டருக்கு வைத்தார். பொருந்தித்தான் இருந்தது. அடுத்த வருசம் மாஸ்டர் திரும்ப வந்தார். பெற்றோர்கள் இவர் சின்னப் பெடியன் என்று நினைத்துப் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு விடுகிறார்களாம், முகத்தில் அனுபவம் தெரியவேண்டுமாம். அக்கா ஒரு தட்டுத் தட்டினார். மயிர் போனது, அனுபவம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போக மாஸ்டருக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவர் படியேறி மூச்சு வாங்கி நிற்கவும், "மாஸ்டர், நீங்க வாற சத்தம் கேட்டு மயிர திறந்து வெச்சிட்டேன்" என்றார் அக்கா.

அக்காவுக்கு வயது முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். கேட்டால், "எந்த லேயர்ல?" என்பார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா இந்தியாவிலிருந்து துறைமுகத்து வேலைக்கு வந்தவராம். வெள்ளவத்தை யாழ்ப்பாணத்தாரைப் பற்றி அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. "ஒங்க ஆளுங்க ஒரு பிளேன் டீ குடுக்க முன்னாடி எந்த ஊரு, யாரு மகன், எந்தக் கோயிலுன்னு கேட்டு முடிப்பாங்க. அதுக்குள்ள டீ ஆறிடும்." நானும் யாழ்ப்பாணத்தவள்தான். மறுத்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அக்காவுக்கு மாமியாருடன் சண்டையா? "அழிக்க ஏலுமா? கண்ண மூடிக்கிட்டேன்." வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டிவிட்டானா? கண் மூடியாயிற்று. கணவரைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அவரா? கண்ணு மூடி இருக்கு" என்று சொல்லிவிட்டு மீன் வைத்த மாலுபாணைக் கடித்தார். அந்த மனிதர் செத்துப்போனாரா, விட்டுப் போனாரா, கப்பலில் இருக்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. அக்காவின் இந்தக் கொள்கை எனக்குச் சில நேரம் கொஞ்சம் பயத்தையும் தந்தது.

ஆனால் பஸ்ஸில் அது என்னைக் காப்பாற்றியது. எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள்களில் நெற்றியில் பொட்டோடு பஸ் ஏற எங்களுக்குத் தயக்கம், தமிழ் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். நான் கடைப்படியிலேயே ஸ்டிக்கர் பொட்டை உரித்து எறிந்துவிடுவேன். அக்கா எறியமாட்டார். ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, கைப்பைக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். காலையில் வந்து நாற்காலியில் இருந்ததும் முதல் வேலை, அதை எடுத்து நெற்றியில் ஒட்டுவது. சோதனைச் சாவடியில் இறக்கி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "வெடட்ட மல்லி, வெடட்ட" என்பார். வேலைக்குத் தம்பி, வேலைக்கு. அந்தச் சிங்களத்தில் காவல்காரன் பாதி உருகிவிடுவான். என்னுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் என்னை மட்டும் ஓரமாக நிறுத்துவார்கள். பஸ் போய்விடும். அக்கா போகமாட்டார். "மே மகே நங்கி", இது என் தங்கச்சி, என்று சிங்களத்தில் அடித்துச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அந்த நேரங்களில் எனக்கு அவர்மேல் இருந்தது அன்புதான், வேறு பெயர் வேண்டாம்.

இப்படிப்பட்ட கடைக்குத்தான் அந்த நில அளவையாளர் படியேறி வந்தார். ஓய்வு பெற்றவர், கையில் குடை, பின்னால் மனைவி. இளைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டொரன்டோ. இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஏழெட்டு நாடுகளில் சிதறிக் கிடப்பதால் எல்லோரும் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும். முதல் பக்கத்தில் இரண்டு குடும்பப் படங்கள். மாப்பிள்ளை பக்கத்துப் படத்தை டொரன்டோ மாமி ஒருவர் நேரே எங்களுக்கு ஈமெயிலில் அனுப்புவார். பெண் பக்கத்துப் படத்தை இவர் கடித உறையிலிருந்து எடுத்து வைத்தார்.

ஸ்டூடியோப் படம். முன்னால் கதிரைகளில் அவரும் மனைவியும். பின்னால் மூன்று பிள்ளைகள். ஒரு கரையில் மகன், மறு கரையில் இளையவள், நடுவில் மூத்தவள், அம்மாவின் தோளில் கை வைத்தபடி. மகன் லண்டனுக்குப் போகமுதல் எடுத்தது. அதற்குப் பிறகு குடும்பம் ஒரே படத்தில் நின்றதில்லை, ஆகையால் வேறு படம் கிடையாது.

"நடுவில நிக்கிறவவை எடுத்துவிடுங்கோ" என்றார்.

"யாரு ஐயா அது?" என்று அக்கா கேட்டார்.

"ஒருத்தருமில்லை."

முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு மெதுவாக விசாரித்ததில் விசயம் வெளியே வந்தது. மூத்த மகள் ஒரு ஹார்ட்வெயார் கடைக் காசாளரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டார். "தேயிலைத் தோட்டத்துப் பெடியன், தம்பி. தேப்பன் தாய் இப்பவும் ஹற்றனில கொழுந்து எடுக்கினம். இதுகள் ரெண்டும் கொட்டாஞ்சேனையில ஏதோ ஒரு அறையில இருக்குதுகளாம்." கொட்டாஞ்சேனை என்பதை அவர் ஏதோ சதுப்பு நிலத்தின் பெயர் போலச் சொன்னார். அக்கா தன் கதிரையைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை பகுதிக்கு எங்களுக்கு ரெண்டு பிள்ளையள் எண்டுதான் சொல்லியிருக்கு. உள்ளது தெரிஞ்சால் கலியாணம் நிண்டுபோம்" என்றார். ஊரில் என்றால் இப்படி ஒரு பொய் ஒரு பொழுது தாங்காது, கிணற்றடியிலேயே கதை முடிந்துவிடும். சண்டை ஊரைச் சிதறடித்ததில் எங்கள் ஆட்களுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் வசதி கிடைத்திருந்தது.

அவர் முதலாளியோடு முற்பணம் கொடுக்கப் போனார். அதுவரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அக்காவின் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, எடுத்தால் பிறகு திருப்பிப் போடேலுமோ?"

"நான் எடுக்கமாட்டேன் அம்மா. கண்ண மூடுறதுதான். பாருங்க, இப்பிடி." திரையில் இருந்த ஏதோ ஒரு சாமி படத்தை மறைத்தார், திரும்பக் காட்டினார். "ஆளு உள்ளதான் இருப்பாங்க. வெளியில போற படத்தில தெரியமாட்டாங்க."

அந்த அம்மா தலையாட்டினார். கணவர் வரவும் நிமிர்ந்து இருந்துகொண்டார்.

அக்கா அந்தப் படத்தோடு நாள்கணக்கில் மினக்கெட்டார். ஆளை எடுத்தால் பின்னால் சுவர் வேண்டும், மகனையும் இளையவளையும் நெருக்கி நிறுத்தவேண்டும். இதற்கிடையில் டொரன்டோ படமும் வந்தது. பார்த்துவிட்டு அக்கா நீளமாக ஒரு "ம்ம்" போட்டார். இரண்டையும் முடித்து என்னிடம் தந்தார். நான் பக்கத்தில் ஏற்றினேன். நாதஸ்வரம் ஒன்று தானாக ஒலிக்க, மஞ்சள் எழுத்து மின்ன, வெப்சைட் உலகத்துக்குத் திறந்தது.

அடுத்த நாள் காலை படியில் குடை தட்டும் சத்தம் கேட்டது. நில அளவையாளர் முகம் சிவந்து வந்தார். பின்னால் மனைவி.

"டொரன்டோவில இருந்து மாமி கோல் எடுத்துக் கேக்கிறா, அது ஆற்ற கை எண்டு! நான் என்னத்தைச் சொல்ல? பேயின்ர கை எண்டே?"

பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மகனும் இளையவளும் தோளோடு தோள் நின்றார்கள். நடுவில் ஒருவரும் இல்லை. ஆனால் அம்மாவின் இடது தோளில் நாலு விரல் இருந்தது. ஒன்றில் மோதிரம் வேறு. ஆளில்லாத கை.

"மிஸ், இது கண்ணில படேல்லையே உங்களுக்கு?" என்றார் முதலாளி.

"தவறிப்போச்சு சேர்" என்றார் அக்கா. அந்த வசனத்தை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நகைக்கடைத் தோட்டின் நிழல் மயிரிழை விலகியதற்காக நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர் அவர்.

"சின்னவளின்ர கையெண்டு மாத்திவிடுங்கோ" என்றார் நில அளவையாளர்.

"மாத்தலாம் ஐயா. ஆனா அவங்க ரெண்டு கையும் முன்னால கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. இது மூணாவது கையா வரும். கல்யாணப் பொண்ணுக்குப் பரவாயில்லையா?"

நான் சிரிப்பை இருமலாக மாற்றினேன். முதலாளி பதறிப்போய் நடுவில் விழுந்தார். "ஐயா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாம் உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கு. ஒரு நிமிசத்தில சரிப்பண்ணலாம்."

"என்ன உள்ளுக்குள்ள இருக்கு?"

"மூத்த மகள்" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளிக்குத் தான் சொன்னது விளங்கியது.

நில அளவையாளர் குடையை அக்காவின் மேசையில் சாய்த்தார். "அழி" என்றார். "கையையும் அழி, ஆளையும் அழி. என்ர கண்ணுக்கு முன்னால அழி."

"அழியுங்கோ மிஸ்" என்றார் முதலாளியும். அவர் குரலில் கெஞ்சலும் இருந்தது, வேலை போய்விடும் என்ற செய்தியும் இருந்தது. அக்காவின் கை மௌஸின்மேல் அப்படியே இருந்தது. குப்பைத்தொட்டி திரையின் மூலையில் இருந்தது. அவர் அசையவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்பவர் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றது ஒரு குரல்.

அந்த அம்மா. கதிரையில் இருந்து எழும்பியிருந்தார். கைப்பை கீழே கிடந்தது.

"கையை எடுக்கவேண்டாம். கண்ணைத் திறவுங்கோ பிள்ளை. அவள் நிண்ட இடத்தில நிக்கட்டும்."

"விசரே உமக்கு? கலியாணம் நிண்டால் சின்னவளை என்ன செய்யிறது?"

"நேற்று இரவு முழுக்க அந்தப் படத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான். சின்னவளும்தான். 'அக்கான்ர கை அம்மா' எண்டு சொல்லி அழுதவள். இஞ்சாருங்கோ, ரெண்டும் என்ர வயித்தில பிறந்ததுகள். ஒண்டைக் கட்டிக்குடுக்க மற்றதை இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது."

ஆனால் நில அளவையாளரின் பயமும் பொய்யல்ல. கல்யாணம் உண்மையாகவே நின்றுபோகலாம். அதுவும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அக்கா கதிரையைத் திருப்பினார். "ஐயா, ஒண்ணு சொல்லவா? டொரன்டோவில இருந்து அவங்க அனுப்பின படத்திலயும் ஒரு ஆளு கண்ணு மூடித்தான் இருக்கு. மாமி எழுதி அனுப்பினாங்க, எடுத்துடுங்கன்னு."

நில அளவையாளர் அக்காவின் பக்கம் குனிந்தார்.

"ஆர்?"

"அது அவங்க லேயர். நான் சொல்லமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனிதர் கதிரையில் மெதுவாக இருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. "எங்களிட்டை மறைச்சுப்போட்டாங்களோ?" என்றார். "ஒரு ஆளை இல்லையெண்டு சொல்லி... என்ன சனமப்பா இது! இப்பிடியும் சனம் இருக்குதே!" நடிப்பில்லை. நெஞ்சு நொந்து சொன்னார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். நில அளவையாளர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் அதற்குமேல் சம்மதம் எதிர்பார்க்கக் கூடாது.

அக்கா ஒரு தட்டுத் தட்டினார். மகனும் இளையவளும் விலகி இடம் கொடுக்க, மூத்தவள் நடுவில் வந்து நின்றார். கைக்கு ஆள் கிடைத்தது.

புதுப் படத்தை ஏற்றினோம். டொரன்டோவிலிருந்து கொஞ்ச நாள் ஒரு சத்தமும் இல்லை. நில அளவையாளர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு ஒருநாள் மத்தியானம் மாமியின் ஈமெயில் வந்தது. எங்கள் பக்கத்து ஆளையும் தயவுசெய்து திருப்பிப் போட்டுவிடவும். அவ்வளவுதான். வெள்ளைக்காரி ஒருத்தியைக் கட்டியதால் காணாமல் போயிருந்த மாப்பிள்ளையின் அண்ணன் அவர். கல்யாணமும் நடந்தது. அண்ணனும் வெள்ளைக்காரியும் வந்தார்கள். மூத்தவளும் காசாளரும் வந்தார்கள். நில அளவையாளர் காசாளரின் முகத்தைப் பார்க்காமல், இலையைப் பார்த்து, "வடை காணுமோ, இன்னும் வைக்கவோ?" என்று கேட்டாராம். யாழ்ப்பாணத்து மாமனார் மன்னிப்புக் கேட்டால் அது இப்படித்தான் இருக்கும்.

மாமியின் ஈமெயில் வந்த அந்த மத்தியானம் அக்கா சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் பருப்பு. "நீயே திறந்துடு தங்கச்சி" என்றார். நான் அவருடைய கதிரையில் இருந்து டொரன்டோ அண்ணனைத் திறந்து முடித்தேன். பக்கத்தில் மற்றக் குடும்பத்தின் படமும் திறந்துதான் கிடந்தது. சும்மா லேயர்களைப் பார்த்தேன். சுவர் ஒரு லேயர். மூத்தவள் ஒரு லேயர். அம்மாவின் தோளுக்கென்று சீலைத் துண்டு ஒரு லேயர். மற்ற எல்லாக் கண்ணையும் மூடி, அதை மட்டும் திறந்து பார்த்தேன். கையிருந்த இடத்தில் சீலை, கரை, மடிப்பு, இழை எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. கை இருந்ததென்று அந்தத் தாயே சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, இன்னொரு லேயர். அதையும் திறந்தேன். நாலு விரல், ஒரு மோதிரம். நகக்கண் வரை வெட்டி எடுத்து, சீலையில் விழும் மெல்லிய நிழலும் போட்டு வைத்திருந்தார்.

"அக்கா, கையை முதலே எடுத்திட்டீங்கள். பிறகு திருப்பி வைச்சிருக்கிறீங்கள்."

அவர் கருவாட்டை முள் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். "தோள் வெறுமையா இருந்திச்சு. டிசைன் சரியில்ல."

"உங்கட வேலை போயிருக்கும். கலியாணமும் நிண்டிருக்கும்."

"ஆமா" என்றார். ஒரு வாய் சோறு போனது. "அந்தம்மா திரும்பப் போடலாமான்னு கேட்டாங்க. திரும்பப் போடணும்னு அவங்களுக்கு ஞாபகம் வரணும் இல்ல?"

ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காக மௌஸைப் பிடித்துக்கொண்டு, "இனி இந்தக் கை தேவையில்லைத்தானே? ஆள்தான் முழுசா வந்திட்டாவே. அழிக்கட்டா?" என்று கேட்டேன்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் உனக்கு மூளை வரவில்லையே என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் கையின் கண்ணை மூடினேன்.

பின்னேரம் அவர் வழக்கம்போல நகத்தால் பொட்டைக் கிளப்பி, கைப்பைக் கண்ணாடியில் ஒட்டி, விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுக்க இறங்கிப் போனார். அன்றைக்கு நானும் என் பொட்டை எறியவில்லை. மெதுவாகக் கிளப்பி என் கொம்பியூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டுப் போனேன். காலையில் அது அங்கேயே இருந்தது.